டிஸ்னி வேர்ல்ட் பயணம்: வளாகத்துக்குள் தங்குவதா, வெளியே தங்குவதா?

வரும் அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வளாகத்துக்கு 5 இரவுகள் செல்கிறோம். ஒரு மாதமாகியும் தங்குமிடத்தை மட்டும் முடிவு செய்ய இயலவில்லை. நான், கணவர், 4 வயது மகன், மூட்டுவலியுள்ள மாமியார் என நால்வர்.

வளாக விடுதியில் தங்கினால் தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் நுழையலாம். ஆனால் எங்கள் கைக்கு எட்டுவது ஒற்றை அறைதான் என்பதால், மகன் மதியம் உறங்கும்போது மற்ற மூவரும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே குறைந்த வாடகைக்கே இரண்டு படுக்கையறைகள் கிடைக்கின்றன. எனினும் வளாகத்திலுள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்குக் காரில் செல்பவர்கள் வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு, மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலை அடைய முடியும். அத்தைக்கு அதுவே பெரும்பாடு.

வாடகைக் கார், நிறுத்தக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து இருமுறை கூட்டிப் பார்த்தேன். மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரு விடுதிகளிலும் தொலைபேசியில் விசாரித்தேன். சென்று வந்த தோழியரோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதியவரையும் குழந்தையையும் அழைத்துச் சென்றவர்களிடம் கேட்கிறேன்: வெளியே தங்கினால், மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலையில் மீண்டும் மேஜிக் கிங்டமுக்கு வருவது நடைமுறையில் சாத்தியமா?