மறு: டிமென்ஷியாவுக்குத் தமிழ்ச்சொல்

> 'முதுமறதி' என்று வைத்துவிட்டால் என்ன? சுருக்கம். யாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

அப்படிப் புரிந்துகொண்டுதான் நாங்கள் இரண்டு வருடத்தை விட்டுவிட்டோம். வயதானால் மறதி வரும், இதற்கு எதற்கு டாக்டர் என்று. டிமென்ஷியா வந்த என் அம்மாவுக்கு அப்போது வயது 61. அவருக்கு முதலில் வந்தது மறதியே இல்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் முப்பது வருடம் பூ விற்றவர், ஒருநாள் பாக்கிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் நின்றார். அப்புறம் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தார்.

டிமென்ஷியாவில் ஒரு வகைக்குத் தன் பெயரைத் தந்த ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், 1901இல் பார்த்த அந்த முதல் நோயாளிக்கு வயது 51. 'லூயி பாடி' என்ற இன்னொரு டிமென்ஷியா வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மூளையின் முன்பகுதி பாதித்தால் பேச்சோ குணமோ முதலில் மாறும். 'முது'வும் பொருந்தவில்லை, 'மறதி'யும் பொருந்தவில்லை.

நம் சொல்லாக்கக் குழுவில் ஒருவர் சொன்ன 'மதித்தேய்வு' அழகான சொல். ஆனால் கூடவே 'மதிகெட்டவள்' என்ற வசவும் வரும். மலாயில் 'ஞாஞுக்' (வயதாகிப் புத்தி தடுமாறியவர்) என்றால் போதும், இங்கே பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் அம்மா காதில் விழக்கூடாது என்றுதான் ஒரு தீபாவளி முழுக்க அவரை உள்ளறையிலேயே உட்கார வைத்தோம். இன்றும் மனம் ஆறவில்லை.

ஜப்பானில் பழைய சொல்லான 'சிஹோ'வில் மடமை என்ற பொருள் இருந்தது. 2004இல் அரசே அதை விட்டு, அறிதலைக் குறிக்கும் 'நின்சிஷோ'வுக்கு மாறியது. டிமென்ஷியாவின் லத்தீன் வேரும் 'மனம் நீங்கியது' என்பதே. அதை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

'அறிதிறன் தேய்வு' என்கிறேன். நினைவு, மொழி, கணக்கு, வழி தெரிவது எல்லாம் அறிதிறனில் அடங்கும். 'இழப்பு' என்றால் எல்லாம் போய்விட்டது என்றாகும். அம்மா இன்னும் மல்லிகை கட்டுகிறார். ஆளைக் குறிக்க 'தேய்வாளர்' வேண்டாம், 'அறிதிறன் தேய்வு உள்ளவர்' போதும்.

*

மகளே,

சரி, ஏற்கிறேன். ஒன்று மட்டும். சோதனையில் குறை தெரிந்தாலும் அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த நிலையை 'லேசான அறிதிறன் குறைவு' என்போம். அன்றாட வாழ்க்கையே தடைபடும்போதுதான் 'தேய்வு'. இரண்டும் கலந்துவிடக் கூடாது. நம் சொற்பட்டியலில் 'முதுமறதி'யை எடுத்துவிட்டேன்.