மறுமொழி: 'ஹெடோனிக் ட்ரெட்மில்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். 'ஹெடோனிக் ட்ரெட்மில்' (hedonic treadmill) என்னும் உளவியல் சொல்லுக்குத் தமிழ்ச்சொல்லும் வரையறையும் தேடும் நம் உரையாடலில், 'இன்பச் செக்கு' என்ற என் முன்மொழிவுக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'இன்ப ஓடுபொறி' என்றே வைக்கலாமே. மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான், ஐயா. ஆனால் ஓடுபொறி என்றதும் நமக்கு உடற்பயிற்சிக் கூடம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஓடினால் உடம்புக்கு நல்லது. உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பெலும் 1971-இல் சொன்னது வேறு. எவ்வளவு இன்பம் வந்து சேர்ந்தாலும் மனம் அதற்குப் பழகிப் பழைய நிறைவுக்கே திரும்பிவிடுகிறது. அதனால்தான் 'இன்பச் செக்கு' என்கிறேன். செக்குமாடு நாள் முழுக்க நடந்தாலும் ஊர் தாண்டுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

> செக்கில் எண்ணெயாவது வருமே?

வரும், மாட்டுக்குப் பிண்ணாக்கும் கிடைக்கும். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. இன்பத்தைத் துரத்துகிறவருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று இந்தக் கொள்கை சொல்லவில்லை. கிடைப்பது நிலைப்பதில்லை என்றுதான் சொல்கிறது.

இதன் பின்னால் நடக்கும் மன நிகழ்வுக்குத் தனிச்சொல் வேண்டும். 'இன்பச் சலிப்பு' வேண்டாம். சலிப்பு என்றால் வெறுப்பும் சேர்ந்துவிடும். 'இன்பப் பழகல்' போதும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பிரிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. காலை உணவு, நண்பரோடு பேச்சு, நல்ல நகைச்சுவை போன்ற அன்றாட இன்பங்கள் மற்றவர்களுக்கு இனித்த அளவு அவர்களுக்கு இனிக்கவும் இல்லை. பெரிய இன்பம் ஒன்று சிறியவற்றின் ருசியைக் கெடுத்துவிட்டது. இந்த இழப்பைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

இன்பமே வாழ்வின் இலக்கு என்னும் கொள்கையான ஹெடோனிசத்துக்குச் 'சிற்றின்பவாதம்' என்று இங்கே முன்மொழியப்பட்டதை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். வாதம் தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதும் சொல் அது. எல்லா உயிர்க்கும் இன்பம் இயல்பு என்று தொல்காப்பியத்தின் பொருளியல் பகுதியே சொல்லும்போது நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? கிரேக்கத் தத்துவவாதிகளில், சிரீனி நகரத்து அரிஸ்டிப்பஸ் அந்தந்த நேரத்து உடலின்பத்தை நாடச் சொன்னார். அவருக்கு அந்தப் பெயர் ஒருவேளை பொருந்தலாம். ஏதென்ஸில் தோட்டம் அமைத்துப் பாடம் சொன்ன எபிகூரஸையும் அதே பெயரில் எப்படி அடைப்பது? இன்பமே வாழ்வின் இலக்கு என்றவர், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்தார். நண்பருக்குக் கடிதம் எழுதி ஒரு பானை பாலாடைக்கட்டி கேட்டிருக்கிறார், வேண்டும்போது விருந்து உண்ணலாமே என்று. எளிய உணவுக்குப் பழகியவரே எப்போதாவது வரும் விருந்தை நன்றாக ரசிப்பார் என்பது அவர் கணக்கு. இன்பப் பழகலை அறிந்து அதற்கேற்ப வாழ்ந்த மனிதர் அவர். இன்பத்தை நாடுவது தவறே இல்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் செக்கு சுற்றத் தொடங்குகிறது. எனவே 'இன்பவாதம்' என்ற பொதுச்சொல்லே இருக்கட்டும்.

வரையறையில் 'எப்போதும்' என்று எழுதிவிடாதீர்கள். ஜெர்மனியில் ஒரே மக்களிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த ஆய்வில், வேலையிழந்தவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய நிறைவை முழுதாக எட்டவில்லை. ஆகவே என் வரைவு:

இன்பப் பழகல்: நன்மையோ தீமையோ நேர்ந்தபின் ஒருவரது மனநிறைவு பெரும்பாலும் முந்தைய அளவை நோக்கித் திரும்புதல்.

இன்பச் செக்கு: இப்பழகலால், மேலும் மேலும் இன்பம் தேடியும் நிறைவு கூடாத நிலை.

'மனநிறைவு', 'மகிழ்ச்சி' இரண்டில் எது இங்கே சரி என்று உளவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.