நாத்திகமா, விசுவாசமா: அறிவியலை வைத்து யாரிடமாவது மல்லுக்கட்டிய அனுபவம் உண்டா?

கரிசல்காட்டான்:
நானே ஆரம்பிக்கிறேன். 2012, மும்பை இர்லா வேளாங்கண்ணி மாதா கோயில் சிலுவையில் தண்ணீர் சொட்டியதை அற்புதம் என்று கொண்டாடிய விவகாரம்தான். பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கழிவறைச் சாக்கடை அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் சுவரில் ஊறி ஏறிச் சொட்டுகிறது என்றார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அவர்மேல் 295ஏ பிரிவில் வழக்கு, அதன்பின் அவர் பின்லாந்து போனது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில் எங்கள் பெரியம்மா, மும்பையிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் விடுவேனா? சொம்பில் தண்ணீர் ஊற்றி, ஒரு துணியின் நுனியை உள்ளே விட்டு, மறுநுனியை மேசை ஓரத்தில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சொட்டியது. "பாருங்க, இவ்வளவுதான் உங்க அற்புதம்" என்றேன். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "திரி ஸ்டவ்ல மண்ணெண்ணெய் ஏறுறது எனக்குத் தெரியாதாடா? முப்பது வருசம் அதுலதான் உங்களுக்கு ஆக்கிப் போட்டேன்." அதே துணியைப் பிழிந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

தெரிந்தும் எதற்குப் பாட்டில் கேட்டார்? அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் பெஞ்ச்:
நான் எதிர்க் கட்சி, சிஎஸ்ஐ சபை. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் கருப்புச்சட்டை. பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்று சொன்னாலே உங்கள் பைபிள் காலி என்பான். அந்தக் கருத்துக்கு வித்திட்ட லெமைத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்றேன். கதை விடாதே என்றான். 1933-ல் ஐன்ஸ்டைன் பக்கத்தில் பாதிரிக் கழுத்துப்பட்டையோடு அவர் நிற்கும் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, ஃபாதர்தான். அவர் போட்ட சமன்பாட்டுல எந்த வரியில சாமி வர்றாருனு காட்டு" என்றான். ஜெயித்ததாக நினைத்துத் திறந்த வாய் அப்படியே நின்றது.

தேரிமணல்:
மூன்றாம் பெஞ்ச், உங்கள் நண்பன் பக்கம்தான் லெமைத்ரேயும்! 1951-ல் போப் 12-ம் பயஸ், படைப்பை அறிவியலே உறுதிசெய்வதுபோலப் பேசியபோது லெமைத்ரேவுக்கே அது பிடிக்கவில்லை. இரண்டையும் கலக்காதீர்கள் என்பதுதான் அவர் நிலை. அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது உங்கள் தப்பு.

என் கதை சின்னது. மாமனார் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் கலிலியோ பேச்சை எடுத்தேன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றவரைக் கத்தோலிக்கச் சபை 1633-ல் தண்டித்துவிட்டு, தப்புதான் என்று ஒப்புக்கொள்ள 1992 வரை ஆனதே என்றேன். மாமனார் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்தார். அதற்குமேல் பேச்சு இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வாதத்துக்கு முன் எதிரில் இருப்பவர் எந்தச் சபை என்று விசாரியுங்கள். ஆர்.சி.காரரிடம் (கத்தோலிக்கரிடம்) போய் டார்வினை வைத்து மிரட்டாதீர்கள். மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று 1950-லேயே அவர்கள் போப் எழுதிவிட்டார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்பவர் கிடைத்தால், உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்ற கணக்கு பைபிளில் எந்த வசனம் என்று கேளுங்கள். இருக்காது, அது 17-ம் நூற்றாண்டில் அஷர் என்ற பேராயர் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் போட்டது. அப்புறம், பெரியவர்களிடம் செய்முறை விளக்கம் காட்டாதீர்கள். கரிசல் அண்ணன் அந்தத் துணியை எடுத்திருக்கவே கூடாது.

கரிசல்காட்டான்:
தம்பி, நான் ஆலோசனை கேட்கவில்லை. உங்கள் மாமனார் பிரியாணியோடு நிறுத்தினாரே, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
அண்ணே, அந்தப் பாட்டில் வந்ததா இல்லையா?

கரிசல்காட்டான்:
வந்தது. பெரியம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கொல்லைக்குப் போய்ச் செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.