புதுக் கணக்கில் லாகின் ஆகமாட்டேங்குது, யாராவது சொல்லுங்க

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதுறேன்.

அக்கா மகள் பத்தாங்கிளாஸ். கேரளா ஸ்கூல்ல ஐடி பாடம், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ்லதான், செய்முறைப் பரீட்சையும் உண்டு. அவ பழகட்டும்னு என் லேப்டாப்ல (லினக்ஸ் மின்ட்) தனிக் கணக்கு போட்டேன்.

பாஸ்வேர்டு அடிச்சா ஏத்துக்குது. திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப லாகின் பக்கத்துக்கே வந்து நிக்குது. தப்பா அடிச்சா உடனே தப்புன்னு சொல்லுது, அதனால பாஸ்வேர்டு பிரச்சினை இல்லை. என் கணக்கு நல்லா வேலை செய்யுது. டிஸ்க்லயும் இடம் நிறைய இருக்கு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெர்மினல் (கட்டளை அடிக்கிற திரை) வழியா போனா உள்ளே விடுது, ஆனா ஹோம் டைரக்டரி (அந்தக் கணக்கோட சொந்த ஃபோல்டர்) இல்லைன்னு வந்துச்சு.

அப்பத்தான் புரிஞ்சது: கணக்கு உண்டாக்குற 'யூஸர்ஆட்' (useradd) கட்டளையில, ஹோம் ஃபோல்டரையும் சேர்த்து உண்டாக்கச் சொல்ற '-எம்' (-m) போடாம விட்டுட்டேன். பிறகு சூடோ (sudo, நிர்வாகி அதிகாரம்) போட்டு அந்த ஃபோல்டரை நானே உண்டாக்கினேன். இப்ப அதுக்கு உரிமையாளர் 'ரூட்' (நிர்வாகிக் கணக்கு)னு காட்டுது, லாகின் பழையபடியேதான்.

உரிமையாளரை மாத்துற 'சோன்' (chown) கட்டளை போட்டு உரிமையை அவ பேருக்கு மாத்தினா போதுமா, 'ஸ்கெல்' (skel, புதுக் கணக்குக்கான மாதிரி ஃபைல்கள் இருக்குற) ஃபோல்டர்ல உள்ளதையும் காப்பி பண்ணணுமா? இல்லை, கணக்கை அழிச்சு 'ஆட்யூஸர்' (adduser)ங்கிற இன்னொரு கட்டளையில புதுசா போடுறதுதான் நல்லதா? என் கணக்குல காலமான அப்பாவோட போட்டோ எல்லாம் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. கட்டளையை முழுசா எழுதிக் கொடுத்தா பெரிய உதவியா இருக்கும்.