அரை மணி நேர இடைவேளையைத் துண்டு போடலாமா?

ஷிப்ட்கணக்கன்:
12 பேர் நிற்கும் அசெம்பிளி லைன், 8 மணி நேர ஷிப்ட், நடுவில் 30 நிமிட இடைவேளை. அதை மூன்று பத்து நிமிடங்களாக உடைக்கலாம் என்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். லைனை ஒரு தடவை நிறுத்தினால் ஒரு ஸ்டார்ட்-அப், மூன்று தடவை நிறுத்தினால் மூன்று. பசை காய்ந்துவிடும், சால்டரிங் முனையில் கறை ஏறும், முதல் சில பீஸ் ஸ்கிராப்.

பெஞ்ச்மணி:
உடைக்கக் கூடாது என்பது சரி, காரணம்தான் தப்பு. சாப்பிட 30 நிமிடம் அப்படியே இருக்கட்டும். பத்து நிமிடங்கள் அதற்கு மேல் வர வேண்டும், லைன் ஓட ஓட, ரிலீவர் (ஓய்வுக்குப் போகிறவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆள்) வைத்து. ஒருவருக்குப் பத்து நிமிடம், கைமாற்ற 2 நிமிடம். 12 பேருக்கு 144 நிமிடம். ஷிப்ட் தொடங்கி 60-ஆவது நிமிடத்தில் ஆரம்பித்தால் 204-இல் முடியும். 240 முதல் 270 வரை சாப்பாடு. 300-இல் இரண்டாம் சுற்று, 444-இல் முடிந்துவிடும். ஒரே ரிலீவர் போதும். வரிசையை மட்டும் வாரம் ஒருமுறை திருப்புங்கள். இல்லாவிட்டால் முதல் ஆளுக்கு எப்போதும் களைப்பே வராத நேரத்தில்தான் ஓய்வு.

ஷிப்ட்கணக்கன்:
காகிதத்தில் அழகு. 12 வேலையும் தெரிந்த ஆள் எங்கே? கைமாறும் இடத்தில்தான் ஸ்க்ரூ விட்டுப்போகும். அந்த ரிலீவருக்கு யார் ரிலீவர்?

பெஞ்ச்மணி:
லைன் லீடர். பாதி முடிந்த பீஸில் கைமாறவே கூடாது. அந்த பீஸில் தன் பங்கு வேலை முடிந்து அது அடுத்த ஆளிடம் போன பிறகுதான் எழ வேண்டும். ஸ்க்ரூவை எண்ணித் தட்டில் வைத்தால் விட்டுப்போனது உடனே தெரியும்: தட்டில் ஒன்று மிஞ்சும்.

சட்டப்புள்ளி:
2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948: பொதுவாக 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி இடைவேளை என்றது. மூன்று பத்தைக் கூட்டி அரை மணி என்று காட்டினால் அதன்படி செல்லாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடைவேளையைக் கட்டாயமாக்கவில்லை; கொடுத்தால் 5 முதல் 20 நிமிடம் வரையிலானது சம்பள நேரம்.

ஷிப்ட்கணக்கன்:
சரி, மெஷின் பிரேக்டவுனில் 40 நிமிடம் சும்மா உட்காருகிறார்களே, அது ஓய்வில்லையா? அதையும் கொடுத்து, பத்து பத்தாக 20 நிமிடமும் கொடுக்க வேண்டுமா?

பெஞ்ச்மணி:
எப்போது ஓடும் என்று தெரியாமல் மெஷின் பக்கத்தில் காத்திருப்பது காவல். முடியும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, இடத்தைவிட்டுப் போகவும் விட்டால்தான் ஓய்வு. மெயின்டெனன்ஸ் ஆள் "15 நிமிடத்துக்கு மேல் ஆகும்" என்றால், வரவேண்டிய பத்து நிமிடத்தை அப்போதே அறிவித்துவிடலாம்.

ஷிப்ட்கணக்கன்:
15 என்று சொல்லி 6-இல் சரிபண்ணிவிட்டால்?

பெஞ்ச்மணி:
அறிவித்தது அறிவித்ததுதான், 4 நிமிடம் லைன் நிற்கட்டும். பாதியில் ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அடுத்த தடவை யாரும் எழுந்தே போக மாட்டார்கள்.

நைட்டாந்தை:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஓய்வறைக்குப் போக 3 நிமிடம், வர 3 நிமிடம், கையுறை ஏப்ரன் கழற்றி மாட்ட ஒன்று. பத்தில் மிச்சம் 3. லைன் பக்கத்திலேயே நாற்காலியும் தண்ணீரும் போடுங்கள், அல்லது 15 ஆக்குங்கள்.

ஷிப்ட்கணக்கன்:
15 என்றால் ஒரு சுற்று 204 நிமிடம். 60-இல் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிவிடும். நாற்காலிக்குச் சம்மதம்.