கலைச்சொல் விவாதம்: முன் கவைக்கு ‘நேர்ப்படுத்தல்’ போதுமா, ‘அமரவிடல்’ வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் முன் கவையை (முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்) கழற்றி மீண்டும் பூட்டும்போது இறுதியில் செய்யும் வேலைக்கு ‘நேர்ப்படுத்தல்’ என்ற சொல்லை, நம் கலைச்சொல் பட்டியலுக்காகக் குழுவுக்கு எழுதிய மடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதே மடலில் இருந்த நுகம், நெருக்குத் திருகு (கவைக்காலின் அடியில் அச்சைக் கவ்விப் பிடிக்கும் ‘பிஞ்ச் போல்ட்’) ஆகிய சொற்களை மனமார ஏற்கிறேன். இரண்டு கவைக்கால்களையும் பிணைக்கும் உறுப்பைப் பட்டறையில் ‘டீ’ என்பார்கள். அதை மேல் நுகம், கீழ் நுகம் என்று எழுதினால், நாஞ்சில் நாட்டு வயலில் ஏர் பூட்டியவருக்கு விளக்கம் தேவைப்படாது. ‘நேர்ப்படுத்தல்’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

பழுதுநீக்கும் கையேடுகள் சில, பூட்டும் வரிசையையும் திருப்புவிசை (டார்க்) அளவையும் மட்டுமே தருகின்றன. சக்கரத்தைப் பொருத்து, அச்சின் நட்டை இந்த அளவுக்கு இறுக்கு, பிறகு நெருக்குத் திருகை இந்த அளவுக்கு இறுக்கு என்பதோடு முடித்துவிடுகின்றன. அந்த இரண்டு இறுக்கங்களுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. நெருக்குத் திருகு உள்ள பக்கத்துக் கால், அச்சின் மேல் பக்கவாட்டில் சற்று நகரக்கூடியது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரைச் சில முறை நன்றாக அழுத்தி விட்டால், அந்தக் கால் தனக்குரிய இடத்தைத் தானே கண்டுகொள்ளும். அதன் பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். இரண்டு கால்களையும் இணைக்கும் மட்கார்டின் போல்ட்டுகளும் அதுவரை தளர்வாக இருப்பது நல்லது.

இதைச் செய்யாமல் இறுக்கினால், கால்களுக்கு இடையிலான தூரம் நுகத்தில் ஒன்றாகவும் அச்சில் வேறொன்றாகவும் அமைந்து, இரண்டு குழாய்களும் இணையாக இல்லாமல் போகின்றன. குழாய் வழுக்கி நகர உதவும் புஷ்ஷும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் ஒரு பக்கமாக அழுத்தப்படுகின்றன. பாடநூல் ‘ஓய்வுநிலை உராய்வு’ என்று சொல்வது, அதாவது நகரத் தொடங்குவதற்கு எதிரான தடை, கூடுகிறது. பட்டறையில் அதையே ‘ஃபோர்க் பிடிக்குது’ என்கிறார்கள். பெரிய பள்ளத்தில் கவை இறங்கத்தான் செய்யும், ஆனால் சாலையின் சிறு சிறு மேடுகள் அப்படியே கைக்கு வந்து சேரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கவைக்குழாயின் குரோமியப் பூச்சைப் புள்ளிபுள்ளியாக அரிக்க, அந்தப் புள்ளிகள் சீலின் உதட்டைக் கிழிக்க, கவையை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்ட சீலை ஒருபுறமாக நெருக்கிப் பூட்டிவிட்டால், எண்ணெய் மீண்டும் கசியும் வாய்ப்பை நாமே ஏற்படுத்துகிறோம்.

‘நேர்ப்படுத்தல்’ என்பது வளைந்ததை நிமிர்த்துவதையே நினைவூட்டுகிறது. அதற்கு நம்மிடம் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. சைக்கிள் கடைகளில் சக்கரத்துக்குக் ‘கோட்டம் எடுத்தல்’ என்பதை அப்படியே வளைந்த கவைக்குழாய்க்கும் கொள்ளலாம். வண்டி விழுந்த பின் நுகங்கள் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பது வேறொரு குறை. தட்டையான கண்ணாடித் துண்டை இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தால், அது மூலைக்கு மூலை ஆடுவதிலிருந்து அந்தக் குறை தெரியும். அதைச் சரிசெய்வதை ‘முறுக்கு எடுத்தல்’ எனலாம். நான் மேலே விவரித்த வேலையில் வளைந்ததும் இல்லை, திரும்பியதும் இல்லை. உறுப்புகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, பூட்டிய விதத்தில்தான் இழுவிசை ஏறியிருக்கிறது. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், கற்றுக்கொள்ளும் பையன் நல்ல குழாயை அழுத்தி நிமிர்த்தப் பார்ப்பான். இது வெறும் சொல் விருப்பமல்ல என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

ஆகவே ‘அமரவிடல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘சீல் சரியா உக்காரல’ என்பது மெக்கானிக்குகளின் நாவில் நாள்தோறும் புழங்கும் பேச்சு. அதன் எழுத்து வடிவமே இது. ‘அமர்த்தல்’ என்று சுருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அமர்த்தலில் கை பொருளைத் தள்ளி இருத்துகிறது, ஆளை வேலைக்கு வைப்பது என்ற பொருளும் குறுக்கிடுகிறது. இங்கே கையின் வேலை தளர்த்துவதும் அழுத்தி விடுவதும்தான், இடத்தைத் தேர்வது கவைக்காலே. ‘விடல்’ என்ற பகுதியை அதனால் கைவிட எனக்கு மனமில்லை. வடமொழிச் சாயலில் ‘சமநிலைப்படுத்தல்’ என்று வந்த யோசனை சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய ஈயக்கட்டி ஒட்டுவதோடு குழம்பும் என்பதால் அது வேண்டாம்.

பட்டியலில் கோட்டம் எடுத்தல், முறுக்கு எடுத்தல், அமரவிடல் ஆகிய மூன்றும் தனித்தனிப் பதிவுகளாக இடம்பெற வேண்டுகிறேன். மூன்றாவதன் விளக்கமாக இவ்வாறு எழுதலாம்: ‘அச்சை இறுக்கிய பின், நெருக்குத் திருகு தளர்ந்திருக்கும் நிலையில், முன் கவையைப் பலமுறை அழுத்தி விட்டு, கவைக்கால் இழுவிசையின்றி அச்சின் மேல் தன் இடத்தில் நிற்கச் செய்தல்.’ ‘பலமுறை’ என்பதற்குப் பதிலாக எண் குறிப்பிட வேண்டுமென்று கருதுவோர் தெரிவிக்கலாம். கால் நகர்வது நிற்கும்வரை என்று எழுதுவதே பொருந்தும் என்பது என் எண்ணம்.