பழைய 30 கிலோவாட் எண்ணெய் பாய்லரை மாற்றணும், எந்த அளவு போடலாம்?

கேள்வி:
வணக்கம். வீட்டைச் சூடேற்ற இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் 30 கிலோவாட் பாய்லர். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (சுடரின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பகுதி) ஓட்டை விழுந்துவிட்டதால் மாற்றியே ஆகணும். வருடத்துக்கு 2,600 லிட்டர் எண்ணெய் செலவாகிறது, சுடுதண்ணீரும் இதிலேயேதான். ரேடியேட்டர் 12, எல்லாம் சேர்த்து 75/65-இல் (தண்ணீர் 75 டிகிரியில் போய் 65-இல் திரும்பினால்) 18 கிலோவாட். குளிர் அதிகபட்சம் மைனஸ் 5 வரை போகும். புகை செங்கல் புகைபோக்கி வழியாகப் போகிறது. அதே 30 கிலோவாட்டில் கண்டென்சிங் (புகையின் நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுப்பது) காம்பி (குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தருவது) ஒன்று போட்டால் சுடுதண்ணீர் சேமிக்கும் சிலிண்டரையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

பதில் 1:
30 வேண்டாம். பழைய பாய்லரின் தகட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து புதுசை வாங்காதீங்க. எவ்வளவு தேவை என்பதை உங்கள் எண்ணெய்க் கணக்கே சொல்லிவிடும்.

ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். 2,600 லிட்டருக்கு 26,000. பழைய பாய்லரின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்குள் வந்தது 19,500. சுடுதண்ணீருக்கு 3,500 கழித்தால் சூடேற்ற மட்டும் 16,000. இதை உங்கள் ஊரின் வருடாந்தர டிகிரி-நாள் எண்ணால் (வெளியே 15.5 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி குறைகிறது என்பதை வருடம் முழுக்கக் கூட்டியது) வகுத்து, மறுபடி 24-ஆல் வகுக்கணும். அந்த எண் 2,400 என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.28 கிலோவாட். உள்ளே 21, வெளியே மைனஸ் 5 என்றால் 26 டிகிரி வித்தியாசம். வருவது 7.2 கிலோவாட். உச்சக் குளிரிலேயே இவ்வளவுதான்!

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம், வீட்டு எண்ணெய் பர்னர் பெரும்பாலும் கேஸ் பர்னர் மாதிரி தணிந்து எரியாது. எரிந்தால் முழுசாக எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். சுற்றில் 120 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிதமான குளிரில் வீடு 2.5 கிலோவாட்தான் இழுக்கும். 30 கிலோவாட் பர்னர் அந்தத் தண்ணீரை 10 டிகிரி ஏற்ற 3 நிமிஷம் போதும், உடனே அணையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றும். 15 கிலோவாட் என்றால் 6-7 நிமிஷம் ஓடும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் சுடர் நிலைப்படும் வரை கரி படியும். தீப்பொறி தரும் எலக்ட்ரோடும் எண்ணெயைத் தூவும் முனையான நாசிலும் கெடுவது இந்தத் தொடக்கங்களால்தான். தப்பான அளவைப் போட்டுவிட்டால் பிறகு கட்டுப்பாட்டுக் கருவி எதை மாட்டினாலும் முழுசாகச் சரியாகாது.

15-லிருந்து 21 வரை நாசில் மாற்றி ஓட்டக்கூடிய மாடலாக எடுத்து, குறைந்த படியான 15-இல் வைக்கச் சொல்லுங்க.

பதில் 2:
மேலே சொன்னது சரி. காம்பி பற்றி மட்டும் சேர்க்கிறேன். நிமிஷத்துக்கு 12 லிட்டரை 35 டிகிரி ஏற்றணும் என்றால் 29 கிலோவாட் வேண்டும். காம்பி என்று முடிவெடுத்த கணமே பெரிய பர்னர் தலையில் வந்து விழுகிறது, வீட்டைச் சூடேற்ற அது தேவையே இல்லாதபோதும். உப்புத் தண்ணீர் என்றால் பிளேட் எக்ஸ்சேஞ்சரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சிலிண்டரை விட்டுவிடாதீங்க. 150 லிட்டரை 45 டிகிரி ஏற்ற 15 கிலோவாட்டுக்கு அரைமணிக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் உள்ளே இருக்கும் காயில் அந்த 15-ஐ வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்கணும். பழைய சிலிண்டர்களில் சின்னக் காயில்தான் இருக்கும். பாய்லர் அணைந்து அணைந்து எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்க.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியென்றால் கண்டென்சிங் தேவையா? எண்ணெய் டேங்க் பர்னரைவிடத் தாழ்வாக இருக்கிறது, அதற்கு ஏதாவது செய்யணுமா?

பதில் 1:
கண்டென்சிங் எடுங்க, ஆனால் அதை அப்படி ஓட்டினால்தான் பலன். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 47 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் எண்ணெய்ப் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து வெப்பத்தை விடும். 55-இல் அனுப்பி 45-இல் திரும்பினால் ரேடியேட்டர்கள் தகட்டில் போட்டதில் பாதிதான் தரும். உங்கள் 18-இல் பாதி 9, தேவை 7.2. போதும். எந்த அறைக்காவது ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் ஆச்சு.

அப்படிப் புகை குளிர்ந்து வடியும் நீர் அமிலம். பிளாஸ்டிக் குழாய்தான் போடணும், வெளியே போகும் பகுதி 32 மில்லிமீட்டராவது இருக்கட்டும், இல்லையேல் உறைந்து பாய்லரே நின்றுவிடும். செங்கல் புகைபோக்கிக்குள் ஈரப் புகையை அப்படியே விடக்கூடாது. சாந்து கரைந்து வெளிச்சுவர் வரை கறை ஊறும். அமிலம் தாங்கும் லைனர் (உள்குழாய்) இறக்குங்க, முடிந்தால் சுவர் வழியே நேராக வெளியே விடும் ஃப்ளூ (புகைக்குழாய்) இன்னும் நல்லது.

பதில் 3:
டேங்க் தாழ்வாக இருந்தால் பர்னர் பக்கத்தில் எண்ணெயிலிருந்து காற்றைப் பிரிக்கும் கருவி ஒன்று வேண்டும். டேங்கிலிருந்து ஒரே குழாய் போதும், பர்னர் பம்ப் திருப்பி அனுப்பும் எண்ணெய் அந்தக் கருவிக்கே வரும். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடாது, தீப்பிடித்தால் உருகிவிடும். சென்சாரோடு உள்ள தீ வால்வும் (தீப்பிடித்தால் எண்ணெயை நிறுத்துவது) கட்டாயம். வால்வு வீட்டுக்கு வெளியே, சென்சார் பர்னருக்கு மேலே.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நின்று பாருங்க. நாசிலில் 0.50 (மணிக்கு அமெரிக்க கேலன்) என்று பொறித்திருந்தால் 7 பார் அழுத்தத்தில் மணிக்கு 1.9 லிட்டர் போகும், அதாவது 19 கிலோவாட் எரியும். அதே நாசிலை 10 பாரில் ஓட்டினால் 22-ஐத் தாண்டிவிடும். ஆகவே நாசில் எண்ணும் பம்ப் அழுத்தமும் இரண்டுமே காகிதத்தில் எழுதப்படணும். கூடவே கார்பன் டை ஆக்சைடு சதவீதமும், புகையில் கரி எவ்வளவு என்று காட்டும் புகை எண்ணும். புகை எண் 0 அல்லது 1, அதற்குமேல் என்றால் வேலை முடியவில்லை.

பழைய சுற்றைக் கழுவாமல் புது பாய்லரை மாட்ட விடாதீங்க. ரேடியேட்டரின் அடியில் படிந்த கறுப்புச் சேறு நேராகப் புது எக்ஸ்சேஞ்சருக்குள் போய் அடைக்கும். திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி, தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து. டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் அன்றே வடித்துவிடுங்க, 0.50 நாசிலின் ஓட்டை தூசிக்கே அடைக்கும்.